கன்ட்ரோல் ரத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பவதாரிணி அந்த நம்பருக்கு ஒன்பதாவது தடவையாகப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். போனை மேசையில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். ஆய்வுக்கூடத்தின் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடக்க ஆரம்பித்தாள். மூலக்கூறு உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முப்பத்தெட்டு வயதுக்காரி இப்படிக் கால் தரையில் பாவாமல் அலைவதை ஷெரின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஷெரின் அவளிடம் பிஎச்.டி. செய்யும் பெண். இந்த வினையெல்லாம் அவள் கேட்ட ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது. சரியான கேள்வி என்பதால் அவள்மேல் கோபப்படவும் வழியில்லை.

விஷயம் இதுதான். கதிர்வீச்சு பட்டால் செல்லுக்குள் டி.என்.ஏ. உடையும். உடம்பு அந்த டி.என்.ஏ.வைப் புரதத்தில் சுற்றி, மடித்து, இறுக்கி வைத்திருக்கிறது. அந்த மடிப்புக்குக் குரோமாட்டின் என்று பெயர். உடைந்ததை ஒட்ட வேண்டுமானால் முதலில் மடிப்பைப் பிரிக்க வேண்டும், ஒட்டியபின் பழையபடி மடிக்க வேண்டும். கிழிந்த பட்டுச்சேலையைத் தைத்து வைப்பது மாதிரிதான். வேலை முடியாத இடமெல்லாம் சாயம் ஏற்றிப் பார்த்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். நல்ல செல்லில் ஒரு நாளுக்குள் புள்ளிகள் அநேகமாக மறைந்துவிடும். பிரித்ததை உடம்பு எப்படி மறுபடி மடிக்கிறது என்பதுதான் பவதாரிணியின் நான்கு வருட ஆராய்ச்சி.

ரத்தத்தை எடுத்து அதன்மேல் கதிரைப் பாய்ச்சி, ஒரு நாள் கழித்து மிச்சப் புள்ளிகளை எண்ணுவாள். அதற்கு ஆரோக்கியமான ஆளின் ரத்தம் வேண்டும். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள், கன்ட்ரோல் என்பார்கள். பல பேரிடம் வாங்குவதுதான் முறை. ஆனால் ஊசி என்றால் ஆளுக்கொரு சாக்கு. ஒருத்தருக்கு விரதம், இன்னொருத்தருக்கு மயக்கம். இரண்டாவது வாரமே அலுத்துப்போய்ப் பவதாரிணி தன் கையை நீட்டிவிட்டாள். அவளுக்கு நரம்பு பார்த்தவுடன் தெரியும். அன்றிலிருந்து கன்ட்ரோல் என்றால் மேடம் ரத்தம்தான். ஒரு நாள் கழித்தும் செல்லுக்கு எட்டுப் புள்ளி மிச்சம் நின்றது. மற்ற ஊர்களில் ஒன்று, இரண்டு என்று எழுதியிருந்தார்கள். நாம் எண்ணுவது கறார் என்று அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள். அந்த எட்டுக்கு ஒரு கொள்கையே கண்டுபிடித்து, கட்டுரை அச்சுக்குப் போகிற நிலையில் இருந்தது. படித்தவர்கள் ஏமாந்தால் இப்படித்தான், ஆதாரத்தோடு ஏமாறுவார்கள்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். தல்லாகுளம் வீட்டில் நாலு நாள் படுத்துவிட்டாள். ஷெரின் தன் ரத்தத்தையே கன்ட்ரோலாக வைத்து வேலையைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை திரும்பி வந்தவளிடம் படங்களைக் காட்டி, "மேம், எனக்கு ஒரு புள்ளிதான் நிக்குது. ஒங்களுக்கு மட்டும் ஏன் எப்பவும் எட்டு?" என்று கேட்டாள்.

சாயம் பழசு என்றாள் பவதாரிணி. பிறகு செல் வளர்க்கும் இன்குபேட்டர்மேல் பழியைப் போட்டாள். எதுவும் ஒட்டவில்லை. அன்று மதியமே வாட்ச்மேன், கிளார்க், கேன்டீன்காரர் என்று ஏழு பேரிடம் கெஞ்சி ரத்தம் வாங்கி, தன்னுடையதையும் சேர்த்துச் சோதனையை ஓட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் முடிவு வந்தது. அவர்களுக்கெல்லாம் ஒன்று, ஒன்றரை. அவளுக்கு எட்டு. கோளாறு அவள் செல்லிலேயே இருந்தது.

கட்டுரை போனால் போகட்டும். அவளுக்குக் குலை நடுங்கியது சின்னத்தாயை நினைத்து. அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரி, வயது நாற்பத்தாறு, மார்பில் புற்று. அவளுடைய தங்கச்சி இதே நோய்க்குக் கதிர்வீச்சு வைத்து, புண் ஆறாமலே செத்துப்போனவள். அதனால் புற்றுநோய் டாக்டர் பெனடிக்ட் அக்காவுக்குக் கதிர்வீச்சு ஆரம்பிக்கும் முன்னால் ரத்தத்தைப் பவதாரிணிக்கு அனுப்பி, பார்த்துச் சொல்லக் கேட்டிருந்தார். எட்டுப் புள்ளி நின்றது. 'கன்ட்ரோலுக்குச் சமம், இயல்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். முழு அளவில் கதிர்வீச்சு ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சனிக்கிழமை ராத்திரியே டாக்டருக்குச் சொன்னாள். "நாளைக்கழிச்சு வைக்க வேண்டியத நான் தள்ளி வெக்கிறேன். ஆனா பழைய படத்த நம்பி அளவக் குறைக்க மாட்டேன். கூட நாள் நிறுத்துனா கட்டி வளந்துரும். புதுசா ரத்தம் எடுத்துத் திங்கக்கெழமைக்குள்ள சொல்லுங்க" என்றார். ஒரு நாள் வேலை அது. ஞாயிறு பகலுக்குள் ரத்தம் கையில் இருந்தாக வேண்டும்.

பத்தாவது தடவை போன் போடவில்லை. ஊசியையும் குழாய்களையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். காளவாசல் சிக்னலில் தொண்ணூறு வினாடி நிற்க முடியாமல் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள். "பறந்துதான் போகணும் போல" என்று பக்கத்து ஆட்டோக்காரர் முறைத்தார்.

சின்னத்தாயின் புருசன் ஜெயபாண்டி வாசலில் செல்போனைப் பிரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க டாக்டரம்மா, போனு வாய்க்கால்ல விழுந்துருச்சு. உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, நான் குடுத்த ரிப்போர்ட் தப்பு."

"தப்புன்னா? நல்லாருக்குன்னுதான எழுதுனீக?"

"என் ரத்தத்தோட ஒப்பிட்டு எழுதுனேன். என் ரத்தமே சரியில்லண்ணே. நேத்துதான் தெரிஞ்சுது. அக்காவுக்கு அம்புட்டுக் கதிர் ஆகாது."

வீட்டுக்குள்ளிருந்து சின்னத்தாய் வந்தாள். நைட்டிமேல் ஒரு துண்டு. "எரியுது எரியுதுன்னு கத்துனேன். எல்லாருக்கும் எரியத்தான் செய்யும், ஒங்க ரிப்போர்ட்டு நார்மல்தானன்னு மெசின்கிட்ட நின்ன பொண்ணு சொல்லுச்சு. நானும் வாய மூடிக்கிட்டேன்." அவள் துண்டை விலக்கினாள். வலது கழுத்தெலும்பிலிருந்து கீழே தோல் கருகி, அக்குள் பக்கம் உரிந்து நீர் கசிந்தது.

பவதாரிணிக்கு அழுகை வந்தது. இந்த இடத்தில் அழத் தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் வந்தது.

"அக்கா, இன்னைக்கு ஒருக்கா ரத்தம் குடுத்தீங்கன்னா, நாளைக்கே அளவக் குறைச்சிரலாம்" என்றாள்.

ஜெயபாண்டிக்குக் குரல் உயர்ந்தது. "ஒருக்காக் குடுத்துப் பட்டது பத்தாதா? நடுவுல ஒருநாக்கூட விடக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாக. இப்ப நீங்க வந்து மாத்திச் சொல்றீக. ஒங்களுக்கு இது வெளையாட்டா? கெளம்புங்க."

அவள் நகரவில்லை. சின்னத்தாய் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"இந்தத் தடவ யாரு ரத்தத்த வெச்சுப் பாப்ப?" என்று கேட்டாள். 'டாக்டரம்மா', 'நீங்க' என்ற மரியாதையெல்லாம் போய்விட்டிருந்தது.

"ஏழு பேரோடதுக்கா. என்னோடது இல்ல."

"என் ரத்தமும் ஒன் ரத்தமும் ஒண்ணுபோலங்குற?"

"எனக்கும் எட்டு, ஒங்களுக்கும் எட்டு."

"அப்ப எனக்கு வந்தது நாளைக்கு ஒனக்கும் வந்துச்சுன்னா?"

நேற்றிலிருந்து டாக்டரைத் துரத்தினாள், போனைத் துரத்தினாள், ஸ்கூட்டரை விரட்டினாள். இந்த ஒரு கேள்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்றுதான் அத்தனை ஓட்டமும் என்பது பவதாரிணிக்கு இப்போதுதான் உறைத்தது. நான்கு வருடமாகத் தன் செல்களை ஆயிரக்கணக்கில் எண்ணியவள், தன் உடம்பில் கட்டி இருக்கிறதா என்று ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லு. ஒனக்கு எம்புட்டுக் கதிர் குடுக்கலாம்னு எதப் பாத்து முடிவு பண்ணுவாக?"

"ஒங்களுக்கு எம்புட்டுத் தாங்குதுன்னு பாத்துத்தான்க்கா."

சின்னத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஜெயபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அவள் கையமர்த்தினாள். எதிரில் தரையில் உட்கார்ந்து, இடது கையைப் பவதாரிணியின் மடிமேல் நீட்டினாள்.

"அப்ப என்னைய ஒழுங்காப் பாரு" என்றாள்.