மானியத்துக்கு ஒரு முதலாளியம்மா

ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் அந்த லாண்டரியின் மொட்டைமாடியில் சோலார் தகடு ஏறிச் சில மாதங்கள் ஆகின்றன. வெயில் தன் கடமையைச் செய்துவிட்டது, அரசாங்கம்தான் பாக்கி. தகடு போடும் தொழில்களுக்கு மானியம் உண்டு. முதலாளி பெண்ணாக இருந்தால் கூடுதல் மானியம். அதைப் படித்த கணமே லாண்டரிக்காரருக்குப் பெண்ணுரிமையில் அசைக்க முடியாத நம்பிக்கை பிறந்துவிட்டது. லாண்டரியை மனைவி பெயருக்கு மாற்றினார். கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு, சேதியை ஒரு வாரம் கழித்துச் சொன்னார்.

மானியத்தை நம்பித்தான் வங்கிக் கடன். அது வராவிட்டால் துவைக்கும் மெஷின்களை வங்கி அள்ளிக்கொண்டு போகும். பேருக்கு மட்டும் பெண் முதலாளி என்று தெரிந்தால் ஒரு காசு கிடையாது. இதைச் சோதிக்கத்தான் இன்று அதிகாரியம்மா வருகிறார்.

மனைவியோ போன வாரத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் லாண்டரிக்காரரின் தம்பி, அங்கே மேனேஜர். மடித்து அடுக்கிய விரிப்புகள் மேல் படுத்துத் தூங்குவதுதான் அவன் நிர்வாகம். தலை எண்ணெய்க் கறையோடு ஒரு ஹோட்டல் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பியபோது, "அவரை நிறுத்துங்க" என்றாள் மனைவி. "நீ வீட்டைப் பாரு. லாண்டரி என் விஷயம்" என்றார் இவர்.

இன்று காலை வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தார்.

"எதைக் கேட்டாலும் நான்தான்னு சொல்லு. புரியுதா? மெஷின் வாங்கினது யாரு?"

"நான்தான்."

"சம்பளம் போடறது?"

"நான்தான்."

"என் மேல கோவமா இருக்கறது?"

"அதுவும் நான்தான்."

அதிகாரியம்மா மாடிக்குப் போய்த் தகடுகளைப் பார்த்துவிட்டு இறங்கி ஆபீஸ் அறைக்குள் வந்தார். லாண்டரிக்காரர் பழக்க தோஷத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது யார் நாற்காலி?"

சூடான இஸ்திரிப்பெட்டி மேல் உட்கார்ந்தவர் போல எழுந்தார். மனைவி அதில் உட்கார்ந்தாள்.

"நீங்க யாரு?"

"இவங்க வீட்டுக்காரர், மேடம். கூடமாட உதவிக்கு வருவேன்."

"அப்ப கொஞ்சம் பேசாம இருங்க." மனைவி பக்கம் திரும்பினார். "ஆளுங்களை வேலைக்கு வைக்கறது, நிறுத்தறது எல்லாம் யாரு?"

"நான்தான்."

"எல்லாரும் இதே பதில்தான் சொல்றாங்க. வீட்டுல ஒப்பிச்சுப் பாத்துட்டு வருவாங்க போல." அதிகாரியம்மா பேனாவை மூடினார். "நீங்களா எடுத்த முடிவு ஒண்ணு சொல்லுங்க."

மனைவி நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சுவருக்கு அப்பால் மெஷின் உருளும் சத்தம் கேட்டது. 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மெஷின் வண்டி ஏறிவிடும். 'ஏதாவது சொல்லேன்' என்று லாண்டரிக்காரர் கண்ணால் கும்பிட்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பி தட்டில் டீயோடு உள்ளே வந்தான்.

"மேனேஜரை இன்னியோட நிறுத்தியாச்சு" என்றாள் மனைவி.

தட்டில் டீ தளும்பியது.

"எதுக்கு?"

"கஸ்டமர் துணி மேல தூங்கறாரு."

அதிகாரியம்மா தம்பியைப் பார்த்தார். "நீங்கதானா அது? உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி அண்ணனைப் பார்த்தான். 'லாண்டரி எங்க அண்ணனுது' என்று அவன் வாய் திறந்தால் எல்லாம் முடிந்தது. தம்பி முழி ஒருமுறை சுழன்றது.

"இப்பதான் தெரியும், மேடம்" என்றான். "தூங்கினது நிஜம்தான்."

பேனா மீண்டும் திறந்தது. அதிகாரியம்மா எழுதினார், கையெழுத்துப் போட்டார், டீயைக் குடித்தார். "மானியம் வரும். ஆனா சொல்லாம கொள்ளாம இன்னொரு தடவை வருவேன். இந்த மேனேஜர் இங்கேயே இருந்தா, முதலாளி வேற ஆள்னு எழுதிடுவேன்."

அவர் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியதும் தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான். "அண்ணி, பின்னிட்டீங்க. எனக்கே ஒரு நிமிஷம் வேலை போயிடுச்சோன்னு பயம் வந்துடுச்சு."

அண்ணி கையை நீட்டினாள். "சாவி."

சிரிப்பு பாதியில் நின்றது. லாண்டரிக்காரர் மனைவி முகத்தில் விளையாட்டைத் தேடினார். அங்கே அது இல்லை.

"அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா" என்றார் மெதுவாக.

"தேய்க்கற இடத்துல ஆள் பத்தலை. நாளைக்கே வரட்டும். நின்னுக்கிட்டு செய்யற வேலை. தூக்கம் வராது."

"அண்ணே, நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

லாண்டரிக்காரர் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். தெரு காலியாகத்தான் இருந்தது. ஸ்கூட்டர் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"கொடுடா" என்றார்.