கிளிப்பச்சைச் சுவரும் ஹர்ஷாவின் கல்யாணமும்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதிர் வீட்டிலிருந்து. சுந்தராபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே பத்மாவதியம்மாவின் வீடு. கீழே அவரும் கணவர் திருமலைசாமியும் இருக்கிறார்கள். மாடி வாடகைக்கு. மாடியில் கூடத்துச் சுவர் கிளிப்பச்சை, படுக்கையறை ரோஸ். பொற்கொடி என்ற பெண் அங்கே பதினோரு மாதம் குடியிருந்தாள்.

நான் குடும்பக் காதல் கதைகள் எழுதுகிறவள். என் கதைகளில் சண்டை வந்தால் பின்னாலேயே சமாதானமும் வந்துவிடும். அதற்காகத்தான் என்னைப் படிக்கிறார்கள். பழக்கதோஷத்தில் இப்படித் தொடங்கினேன்:

கிளிப்பச்சைச் சுவரில் சாய்ந்து நின்ற கணவனைப் பார்த்ததும் பொற்கொடியின் கன்னம் படுக்கையறைச் சுவரின் நிறத்துக்கு

(வேண்டாம். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை.)

2

மறுபடியும்.

அது பொற்கொடி பார்த்த ஐந்தாவது வீடு. முதல் நான்கு வீட்டிலும் பேச்சு ஒரே இடத்தில்தான் முறிந்தது: "உங்க குலதெய்வம் எந்தக் கோயிலுங்க?" பதில் சொன்ன மறுநிமிடம் வீட்டுக்காரர்களுக்குச் சொந்தக்காரர் யாராவது குடிவருவதாக ஞாபகம் வந்துவிடும். அவள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பதோ, அவள் கணவன் எழில் மதுக்கரைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருப்பதோ அங்கே செல்லுபடியாகவில்லை.

ஐந்தாவது வீட்டில் புரோக்கர் கோபாலசாமி முந்திக்கொண்டார். "கொடுமுடிப் பக்கமுங்க. விவசாயக் குடும்பம்."

பொய்யில்லை. மூன்று தலைமுறையாக விவசாயம்தான். நிலம் மட்டும் அவர்களுடையது இல்லை. கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பத்மாவதியம்மாவுக்கு, விவசாயக் குடும்பம் என்றால் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். வேறு அர்த்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதனால் கோயிலைக் கேட்கவில்லை.

"ஆணி அடிக்கக் கூடாது அம்மணி. பெயிண்ட்டு மாத்தவே கூடாது."

"க்ரீம் கலர் மட்டும் அடிச்சுக்கட்டுங்களா? செலவு எங்களுதுங்க."

"ஜோசியர் பாத்துச் சொன்ன கலரு கண்ணு. இது போச்சுன்னா ஊட்டு லட்சுமியும் கூடவே போயிரும்."

படியிறங்கும்போது எழில் முணுமுணுத்தான். "லட்சுமிக்குக் கண்ணு கூசாதாமா?"

"கம்முனு வாங்க. கெடைச்ச ஊட்டையும் கெடுத்துப்போடாதீங்க."

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். பொற்கொடி அந்தப் பச்சையை வெறுத்தாள் என்று எழுதினால் கதைக்கு வசதி. ஆனால் அவள் வெறுக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு, வெயில் எந்நேரம் எந்தச் சுவரில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் கடைக்குப் போனாள்.

இரண்டு இரும்பு ஸ்டாண்டு. அவற்றின் மேல் குறுக்கே ஒரு கம்பி. அதில் வெளுக்காத காடாத்துணியைச் சுவரின் பாதிவரை தொங்கவிட்டாள். மீதிப் பாதிக்கு முன்னால் செங்கல் நிறத் தொட்டிகளில் செடிகள். ரோஸ் அறைக்குச் சாம்பல் நிறச் சென்னிமலைப் போர்வை. ஓர் ஆணியும் இறங்கவில்லை.

"முழுசா மறைச்சிருக்கலாமே?" என்றேன். (ஆமாம், நானும் போய்ப் பார்த்தேன். என்னை இந்தக் கதைக்குள் விடக் கூடாது என்றுதான் இருந்தேன்.)

"பச்சைய மறைக்கப் பாத்தா எட்டிப் பாக்குமுங்கக்கா. பக்கத்துல தோஸ்த்து ஒண்ணக் குடுத்துட்டா அடங்கிக்கும்."

பத்மாவதியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் மாடிக்கு இழுத்துப்போய்க் காட்டினார். "நம்ம சொவருதான், பாருங்க! இத்தனை அழகு இதுக்குள்ள இருந்துருக்குது." தோப்பிலிருந்து தேங்காய் வந்தால் அதில் நாலு காய் மாடிக்கும் போயிற்று.

4

பத்தாவது மாதம் எழிலின் அப்பா ஐயாசாமி, கண் பரிசோதனைக்காகக் கொடுமுடியிலிருந்து வந்தார். வந்தவர் செருப்பைக் கேட்டுக்கு வெளியே, ரோட்டிலேயே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். வாசலில் நானும் பத்மாவதியம்மாவும் பேசிக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க, செருப்ப உள்ளாற போடுங்க, நாயி தூக்கீட்டுப் போயிரும்" என்றார் பத்மாவதியம்மா. பிறகு உபசாரமாக, "தோட்டத்துல என்ன வெள்ளாமைங்க?"

"நமக்கேதுங்க தோட்டம்?" பெரியவர் சிரித்தார். "கவுண்டர் தோட்டத்துல கரும்பு வெட்டுனதுதானுங்க. பையன் படிச்சு வேலைக்கு வந்துட்டான், இப்ப உக்காந்து சாப்பிடறனுங்க."

பத்மாவதியம்மா அந்தச் செருப்பைத் திரும்பிப் பார்த்தார். என்ன சாதி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை. "சரிங்க" என்றார். அந்த 'ங்க'வில் ஒரு குறையும் இல்லை.

5

மறுநாள் காலை அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"பிரியா, மாடியக் காலி பண்ணச் சொல்லோணும். மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? நீதான் கதை எழுதறவளாச்சே, ஒரு காரணம் சொல்லு."

நான் மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால்

மறுக்காததற்குக் காரணம்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை தொடங்கிவிட்டேன். முடியும் வாக்கியம் எல்லாம் என்னை நல்லவளாகக் காட்டுகிறது.)

சொன்னேன்: பெங்களூரில் இருக்கும் உங்கள் பையன் ஹர்ஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் திருப்பூர். தை மாதம் முகூர்த்தம். புதுத் தம்பதி மாடியில்தான் குடியிருக்கப் போகிறார்கள். பத்மாவதியம்மா கேட்டது ஒரு காரணம்தான். திருப்பூரும் தை மாதமும் நானாகச் சேர்த்தவை. விவரம் இருந்தால்தான் கதை நிற்கும் என்பது என் தொழில் அனுபவம்.

6

எனக்கு எழுத வரும் முடிவுகள் இரண்டு.

அ) காலியான மாடியைப் பார்த்துப் பத்மாவதியம்மா உடைந்து அழுகிறார், ஓடிப்போய் லாரியை நிறுத்துகிறார்.

ஆ) பொற்கொடி நடுரோட்டில் நின்று நாலு வார்த்தை கேட்கிறாள், தெருவே தலைகுனிகிறது.

நடந்தது இது. பொற்கொடி கம்பியையும் காடாத்துணியையும் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். "புதுப்பொண்ணு வர்ற ஊடு, இருக்கட்டுங்க" என்றாள். கிளம்பும்போது என்னிடம் ஒரு சீட்டு கொடுத்தாள். "புது வீட்டு விலாசமுங்கக்கா. பத்திரிகை அனுப்பச் சொல்லுங்க, கட்டாயம் வாரோம்."

மூன்றாம் நாள் பெயிண்டர்கள் வந்தார்கள். "தீட்டுப் போகோணுமில்ல" என்றார் பத்மாவதியம்மா. ஜோசியரைக் கேட்கவில்லை. கிளிப்பச்சையும் ரோஸும் போய் வீடு முழுக்க க்ரீம் கலர். தரையில் பெயிண்ட் சொட்டாமலிருக்க அந்தக் காடாத்துணியைத்தான் விரித்திருந்தார்கள்.

7

ஹர்ஷாவுக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை. தை முடிந்து நேற்று என் போனுக்கு ஒரு செய்தி வந்தது:

"அக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா? பத்திரிகை வரவேயில்லீங்க. பொண்ணு மாப்பிள்ளை போட்டோ இருந்தா அனுப்புங்க."

நம்பிக் கேட்கிறாளா, தெரிந்தே கேட்கிறாளா? பலமுறை படித்துவிட்டேன். எழுத்தில் குரல் கேட்பதில்லை. நான் பார்த்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீல டிக் அவளுக்கு விழுந்திருக்கும். காத்திருப்பாள்.

பதிலை நீங்கள் எழுதுங்கள். நான் எழுதினால் மறுபடியும் நம்பும்படியாக எழுதிவிடுவேன்.