பரிசத்தில் பேசாதவர்

சம்பந்தியாகப் போகிறவர் தவமலருக்கு விதித்த நிபந்தனை ஒன்றுதான்: மகளின் பரிசத்தன்று அவர் வாயைத் திறக்கக் கூடாது.

"கோவிச்சுக்காதீங்க," என்றார் மாப்பிள்ளையின் தாய் ராஜலட்சுமி. "எங்க அண்ணன் மகளை வேணாம்னுட்டு இங்கிட்டு வந்திருக்கோம். நீங்க ரெண்டு வார்த்தை பேசினாப் போதும், முகாம்னு கண்டுபிடிச்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவாங்க. தொண்டையில ஆபரேஷன்னு சொல்லிக்கிருவோம்."

தவமலர் இளம் வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர். அறந்தாங்கியை அடுத்த அகதி முகாமில்தான் மணந்தார். கணவரைப் பறிகொடுத்ததும் அங்கேதான். இத்தனை காலம் கழிந்தும் அவருடைய பேச்சு மன்னாரை விட்டு நகரவில்லை. முகாமில் பிறந்த மகள் இளமதியோ அறந்தாங்கி ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இவ்வூர்ப் பேச்சையே தன் பேச்சாக்கிக்கொண்டாள். முகாமுக்குள்ளும் அப்படித்தான் பேசினாள்.

"நான் கதைச்சால் உன்ர கலியாணம் குழம்பிடுமோ, பிள்ளை?"

"ஆமாம்மா. குழம்பிரும்."

அவள் பொய் சொல்லவில்லை. துபாயிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை நிலவழகனின் விடுப்பு முடிவதற்குள் பரிசம் நடக்காவிட்டால், வீட்டார் அந்த அண்ணன் மகளையே அவனுக்கு முடித்துவிடுவார்கள். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லும் துணிவு அவனிடம் இல்லை.

பரிசம் பெண் வீட்டில் நடப்பதே முறை. முகாமை யாரும் பார்க்கக் கூடாதென்பதற்காக, அறந்தாங்கியில் சிறிய மண்டபம் ஒன்றைப் பிடித்திருந்தார்கள். கடை மேற்பார்வையாளர் ரகுநாத் தாய்மாமனாக அமர்ந்தார். தவமலர் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு மகளின் அருகில் இருந்தார்.

வெற்றிலைத் தட்டை மாற்றுமுன், பெண்ணைக் கொடுப்பதாகப் பெண் வீட்டார் சபையறியச் சொல்ல வேண்டும். ரகுநாத் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையின் பெரியப்பா தங்கமுத்து கையை உயர்த்தித் தடுத்தார்.

"மாமன் சொல்றது இருக்கட்டுங்க. தகப்பன் இல்லாத பொண்ணு. பெத்தவ வாயால ஒரு வார்த்தை வரணும். அது எங்க வீட்டு வழக்கம்."

"அவுகளுக்குத் தொண்டையில ஆபரேஷன், மச்சான்," என்றார் ராஜலட்சுமி.

"அதுக்கென்ன. அடுத்த வருசம் தம்பி லீவுல வரும்போது வச்சுக்குவோம். அதுக்குள்ள கொரல் வந்துரும்."

ராஜலட்சுமியின் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலவழகன் கைப்பேசியைப் பார்த்தான். தவமலரின் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்தானே, சொல்லிவிடலாமா என்று அவர் மகளைப் பார்த்தார்.

இளமதி அவர் முகத்தைப் பாராமல் எழுந்து நின்றாள்.

"எங்கம்மாவுக்குப் பொறவியிலயே பேச்சு வராதுங்க பெரியப்பா. சொன்னா வேணாம்னுருவீங்களோன்னு நான்தான் மறைக்கச் சொன்னேன்."

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஊமை பெத்ததா இது? என்னமாப் பேசுது பாரேன்."

"அப்ப பேசச் சொல்லிக் குடுத்தது ஆருடி?"

"அக்கம்பக்கத்துல கேட்டுப் பழகியிருக்கும்."

தங்கமுத்துவின் குரல் இளகியது. "இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே, தாயி. பாவம். தட்டைத் தொட்டுக் குடுக்கச் சொல்லுங்க, போதும்."

தவமலர் தட்டைத் தொட்டுக் கொடுத்தார். வெற்றிலையும் பாக்கும் கைமாறின. அதன்பின் விருந்து முடியும்வரை எல்லாரும் அவரிடம் கைச்சைகையாலேயே பேசினார்கள். சோறு வேண்டுமா என்று வாயருகே விரல்களைக் குவித்துக் காட்டினார்கள். அவர் காது கேளாதவர் என்றும் எண்ணிக்கொண்டு, அவர் முன்னிலையிலேயே அவர்மீது இரக்கப்பட்டார்கள்.

மாலையில் முகாம் வீட்டில் இளமதி பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"வேற வழி தெரியலம்மா. கல்யாணத்தன்னைக்கும் இப்படியே சமாளிச்சிட்டீங்கன்னா…"

"அதுக்குப் பிறகு?" என்றார் தவமலர். "உன்ர பிள்ளையள் பிறந்தாப் பிறகு?"

இளமதி முந்தானையை நீவி மடித்தாள்.

"வாயை மூடச் சொன்னாய், மூடினனான். அது உனக்காக. ஆனால் நான் பிறவி ஊமை எண்டு அத்தனை பேருக்கு முன்னால என்ர பிள்ளையே சொன்னாப் பிறகு, அந்தச் சபைக்கு நான் இனி வரமாட்டன். கலியாணத்துக்கும் வரமாட்டன். சுகமில்லை எண்டு சொல்லு. உனக்குத்தான் சொல்லத் தெரியுமே."

சேலையை மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. இளமதியின் முகத்தில் முதலில் தெரிந்தது நிம்மதி. அழுகை அதன் பிறகே வந்தது. தவமலர் இரண்டையும் பார்த்தார்.