சுவருக்கு இந்தப் பக்கம்

இன்னாசிராஜ் கிணற்றில் வாளியை இறக்கினான். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் மேலேயே கிடந்தது. இழுத்து ஒரு கை அள்ளிக் குடித்தான், உப்பு இல்லை. நயா பைசா வந்த வருஷம் அது. பாலக்கரையில் நல்ல தண்ணீரோடு வீடு கிடைப்பதே அபூர்வம். பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டரான அவனுக்கு சொசைட்டி கொடுக்கும் கடனில் அடங்குகிற வீடு அதைவிட அபூர்வம்.

"சொன்னேன்ல தம்பி? தேங்காத் தண்ணிதான்," என்றார் வீட்டுத் தரகர் கியாசுதீன்.

விற்பவர் அற்புதம்மாள், ஓய்வு பெற்ற டீச்சர், விதவை. முன்வீட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு பின்வீட்டை விற்கிறார். கிணறு பொது, தெருவாசல் பொது. அதனால் வருகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அப்பா இருக்காங்களா தம்பி?"

"தவறி பதினஞ்சு வருஷம் ஆச்சுங்கம்மா. நம்ம கல்லறைத் தோட்டத்துலதான் அடக்கம்."

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான். சனிக்கிழமை கல்லறைத் திருநாளுக்கு வருவீங்கல்ல? அங்க பாப்போம். அப்புறமா பத்திரம் பேசிக்கலாம்."

குரலில் ஒரு குறையும் இல்லை. காப்பிகூடக் கொடுத்தார். இன்னாசிராஜ் அதைப் பாதியிலேயே வைத்துவிட்டான்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் உண்டு. சேரிச் சனங்களை அந்தப் பக்கம் புதைப்பார்கள், மற்றவர்களை இந்தப் பக்கம். உயிரோடு இருந்தவரை ஒரே கோயிலில் ஒரே சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கியவர்கள்தான். செத்த பிறகும் சேர்ந்து கிடக்க விடவில்லை. இன்னாசிராஜின் அப்பா அந்தப் பக்கம் கிடந்தார்.

"படிச்சவங்க இல்லையா, சாதிய வாயால கேக்க மாட்டாங்க," என்றார் கியாசுதீன், தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "நீங்க எந்தப் பக்கம் மெழுகுத்திரி ஏத்துறீங்கன்னு கண்ணால பாத்துக்குவாங்க. உங்களுக்கு முந்தி வந்தவருக்கு அப்படித்தான் தட்டிப் போச்சு."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தரகனுக்குத் தெரியாம இருக்குமா? எனக்கு யார் வாங்கினாலும் ஒண்ணுதான். இந்தப் பக்கத்துல கேக்க நாதியில்லாத கல்லறை எத்தனையோ கெடக்கு. ஒண்ணுல ஏத்திட்டு வந்துருங்க. கொஞ்ச நேர வேலை."

"அது எங்க அப்பா இல்லையே பாய்."

கியாசுதீன் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

வேண்டாம் என்று உதறிவிட முடிந்தால் உதறியிருப்பான். தோல் கிடங்குக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் மகள் டோரதிக்கு ஓயாத இளைப்பு. "மருந்தெல்லாம் அப்புறம். மொதல்ல அந்த நாத்தத்தை விட்டு வெளிய கூட்டிட்டுப் போ," என்று புத்தூர் டாக்டர் திட்டியே அனுப்பினார். விலை படிந்துவிட்டதாகத் தரகர் முன்பே சொன்ன சந்தோஷத்தில் இவனும் அவசரப்பட்டு அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டான். வீட்டுக்காரர் கையோடு வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை.

மனைவி லூர்துராணியிடம் அடுப்பங்கரையில் மெதுவாகத்தான் சொன்னான். ஒரே அறை; அவன் அம்மா இருதயமேரிக்கும் கேட்டுவிட்டது.

"நீ இந்தப் பக்கம் நில்லு," என்றாள் அம்மா, பேத்தியின் முதுகைத் தடவிக்கொண்டே. "அப்பாகிட்ட நான் போறேன். அவரு எந்திரிச்சு வந்தா கேக்கப் போறாரு?"

"அந்த வீட்டுக்கு நீங்களும்தான வரணும் அத்தை?" என்றாள் லூர்துராணி.

"நான் எப்படி வருவேன்? அந்த டீச்சர் பள்ளிக்கூடத்துல கூட்டிப் பெருக்குனவ நான். மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும். நான் தங்கச்சி வீட்ல கெடக்கேன். புள்ள நல்லா மூச்சு விடட்டும்."

சனிக்கிழமை தூறலாக இருந்தது. இன்னாசிராஜ் தனியாக வந்தான். கேட்பாரற்ற கல்லறைகள் எல்லாம் சுவரோரமாகவே இருந்தன. ஒன்றில் புல்லைப் பிடுங்கி, செவ்வந்தி வைத்து, மெழுகுத்திரி ஏற்றி, காற்றுக்குக் கையை அணைத்துப் பிடித்தான். கல்லில் பெயர் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே கிடப்பவரிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு அப்பாவிடம் கேட்டான். சுவருக்கு அப்பால் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். எத்தனை குரல் கலந்தாலும் அம்மாவின் குரல் அவனுக்குத் தனியாகக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

அற்புதம்மாள் குடையோடு வந்து நின்றார். கையில் மிச்சமிருந்த பூவை அந்தக் கல்லறைமேல் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பாவா?"

"ஆமாங்கம்மா."

"பேரே தேஞ்சு போச்சே, புதுசா வெட்டி வைங்க தம்பி." முகம் தெளிந்துவிட்டது. "திங்கக்கிழமை பத்திரம் எழுதிடலாம். அம்மா வரலையா? ஒரே வாசல்ல பொழங்கப் போறோம், அவங்களையும் பாத்துடலாம்னு நெனச்சேன்."

அவன் குனிந்து திரியை நிமிர்த்தி வைத்தான்.

"அம்மா இல்லைங்க."

"ஐயோ, அவங்களும் போயிட்டாங்களா?"

"ஆமாங்க."

சுவருக்கு அப்பால் ஒரு குரல் மட்டும் நின்றுபோனது. மற்றவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள்.

அற்புதம்மாள் பையிலிருந்து ஒரு மெழுகுத்திரியை எடுத்து, எரிகிற திரியில் பற்றவைத்து நீட்டினார். "இந்தாங்க. அம்மாவுக்கும் ஒண்ணு ஏத்துங்க."

இன்னாசிராஜ் அதை வாங்கி ஈர மண்ணில் நட்டான்.