சோதனைக்குக் கொடுத்த ரத்தம்

ஆம்பூரில் ஹுமேரா நடத்தும் லேபுக்குப் புது மெஷின் வந்தது. ரத்த அணுக்களைத் தானே எண்ணிச் சொல்கிற மெஷின். பொருத்திக் கொடுக்க வந்தவன் காட்பாடி கோபி. கம்பெனி இன்ஜினியர், வாய் ஓயாத ஆள்.

"ஒரே ரத்தத்தைப் பத்து தடவை ஓட்டணும் மேடம். வெள்ளை அணு ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வரணும். இல்லன்னா மெஷினை நம்ப முடியாது" என்றான்.

"காலையில எடுத்த சாம்பிள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தான் இருக்கு."

"என் ரத்தத்தையே எடுங்க. சும்மாத்தானே ஓடிட்டிருக்கு."

ஹுமேரா சிரித்துக்கொண்டே ஊசி குத்தி எடுத்தாள்.

பத்தாயிரம், பதினோராயிரத்தைத் தாண்டக்கூடாத எண்ணிக்கை. திரையில் வந்தது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்.

"இன்னா இது, முதல் நாளே மானத்த வாங்குது!" என்றான் கோபி. மறுபடி ஓட்டினான். ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம். அடுத்து நாற்பத்துமூன்று. குழாய்களைக் கழுவினான். ரத்தமில்லாமல் வெறும் திரவத்தை ஓட்டினான்; பூஜ்யம். மறுபடி அவன் ரத்தம். மறுபடி நாற்பத்திரண்டு.

"உங்க ரத்தம் குடுங்க மேடம்."

அவளுக்கு ஆறாயிரத்து எண்ணூறு. இன்னொரு தடவையும் அதே அளவுதான்.

கோபி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஹுமேரா அவன் ரத்தத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெள்ளை அணுவை எப்போதும் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே நகர்த்திய இடமெல்லாம் மொய்த்துக் கிடந்தன, முதிராத அணுக்களும் சேர்ந்து.

"மெஷின் தப்புதானே மேடம்?"

"மெஷின் சரியா இருக்கு கோபி."

"எனக்கு ஒண்ணுமில்லையே! கொஞ்சம் அசதி. ரெண்டு வாய் சாப்ட்டா வயிறு ரொம்பிடும். பஸ்லயே சுத்துறேனே, அதான்னு…" பாதியில் நிறுத்தினான். அவள் முகத்தையே பார்த்தான்.

லேபைப் பூட்டிவிட்டு ஹுமேரா தன் காரிலேயே அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் அவன் மனைவி சங்கீதாவின் போன் வந்தது.

"வர லேட்டாகும்மா. மெஷின்ல கொஞ்சம் வேலை" என்றான். போனை வைத்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஹுமேரா ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

ரத்தப் புற்றுநோய்தான். ஆனால் மெதுவாக வளரும் வகை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டீர்கள், தினமும் மாத்திரை போட்டால் கட்டுப்படும் என்றார் டாக்டர். முதல் வாரங்களில் கோபி வாந்தியெடுத்தே துவண்டான். வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான், விடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சங்கீதா போன் செய்தாள்.

"அக்கா, இறங்கிடுச்சுக்கா. எட்டாயிரம்."

"இன்னொரு தடவை பாக்கச் சொன்னியா?" என்றாள் ஹுமேரா.

"பாத்தாங்கக்கா. அதேதான்."