கிராணியார் உப்புப் பார்த்தார்

மலாயாவில் லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கும் மேற்பார்வையும் பார்க்கும் கிராணி வால்டர், ஜப்பான்காரன் ஆண்ட காலத்திலும் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன தொப்பியைக் கழற்றவில்லை. ஞாயிறு ஜெபம் முடிந்ததும், வீட்டில் அரிசி இல்லாததை மறக்க, மனைவி அகத்தாவையும் மகளையும் ஓடைக்கு உலாவ அழைத்துப் போனார்.

"அதோ மீன்கொத்தி! இதோ காட்டு ஆர்க்கிட் பூ!"

"அதைத் திங்கலாமாப்பா?" என்றாள் மகள்.

ஓடைக்கரையில் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டும் நவமணி மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். கூலிக்காரியிடம் கிராணி கைநீட்டுவதா? வால்டர் பூவையே முறைத்தார். வயிறு மட்டும் கௌரவம் பார்க்காமல் இரைந்தது.

நவமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு இலை நிறையக் கிழங்கை நீட்டினாள். "ஐயா, உப்பு சரியான்னு பார்த்துச் சொல்லுங்களேன். அம்மாவும் பாப்பாவும் பார்க்கட்டும்லா."

மேற்பார்வை பார்ப்பது கிராணியின் வேலைதானே! மூவரும் இலையைக் காலி செய்தார்கள்.

"உப்பு கச்சிதம்," என்றார் வால்டர்.

"உப்பே இல்லையேப்பா!" என்ற மகளை அகத்தா கிள்ளினாள்.

"அப்ப அடுத்த ஞாயிறும் வந்து பார்த்துச் சொல்லுங்கய்யா," என்றாள் நவமணி.

வால்டர் தொப்பியைக் கழற்றினார்.