சொல்லாத ஆமென்

சகலை பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது மருந்துக்கடைக்காரன் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. மனைவி போன பிறகு அந்த வீட்டு மணியை அடிக்க ஆளில்லை. கதவைத் திறந்துவிட்டு உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டான்.

சகலை வெல்டர். இறந்துபோனவளின் தங்கையைக் கட்டியவன், வாய் ஓயாதவன். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான்.

கோபத்தோடு படுக்கப் போகக் கூடாது, கைகோத்து மண்டியிட வேண்டும், ஒருவர் ஜெபித்தால் மற்றவர் ஆமென் சொல்ல வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன் அவனுக்கும் மனைவிக்கும் பாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். இருவரும் ஒருநாளும் தவறியதில்லை. அதனால் நேரில் சொல்ல முடியாததையெல்லாம் கடவுள் வழியாகத்தான் சொல்லிக்கொண்டார்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாத புத்தியை உம்முடைய மகனுக்குத் தாரும் ஆண்டவரே என்பாள் அவள். இவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் போடுவான்.

மூத்த மகளைப் பறிகொடுத்த மாமியார் இப்போது இளையவள் வீட்டில் இருந்தார். ஒற்றை அறை வீடு, ஓயாத அழுகை. அத்தையைத் தேற்றிச் சீக்கிரம் அவர் வீட்டுக்கே அனுப்பிவையும் என்று சகலை ஜெபித்தான். ஆமென் வரவில்லை. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"திட்டியிருந்தா கூட பரவால்லண்ணே. ஆண்டவர் முன்னாடி என்னைத் தனியா விட்டுட்டா."

பிரிவது அவர்கள் சபையில் கிடையாது. ஆகவே பிரியாமலே இங்கே தங்கிவிடுவதாகச் சொன்னான். மருந்துக்கடைக்காரன் தலையாட்டினான்.

அதன் பிறகு குளியலறையிலிருந்து சுருதி சேராத பாட்டு கேட்டது. கட்டிலில் ஈரத் துண்டு கிடந்தது. மருந்துக்கடைக்காரன் அதை எடுத்து உலர்த்தினான், முகம் சுளிக்கவில்லை. கடையை நேரத்தோடு அடைக்கத் தொடங்கினான்.

ஒருநாள் மைத்துனி அம்மாவுக்கு மாத்திரை வாங்க வந்தாள். தன் புருஷன் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். மாத்திரையைப் பைக்குள் போட்டுவிட்டும் நகரவில்லை.

"அவர வரச் சொல்லுங்கன்னு கேக்க வரல அத்தான். மண்டி போட்டா கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல, அவ்வளவுதான்."

அதை அவன் அன்று சகலையிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

அதற்கும் அடுத்த நாள் சாயங்காலம், பின்னறைக்கு வண்ணமடித்துத் தன் கட்டிலையும் கொண்டுவந்துவிடலாமா என்று சகலை கேட்டான். அறைக்கு என்ன நிறம் என்பதுவரை யோசித்து வைத்திருந்தான். அப்போதுதான் மருந்துக்கடைக்காரன் அவள் வந்ததைச் சொன்னான், அவள் சொன்னபடியே.

"எப்ப வந்தா?"

"முந்தாநாள்."

"ஏண்ணே சொல்லல?"

"நீ போயிடுவியே."

சகலை தரையைப் பார்த்தான்.

"சாகற வரைக்கும்னு சர்ச்சுல நின்னு சொன்னோம்," என்றான் மருந்துக்கடைக்காரன். "எனக்கு அது முடிஞ்சுபோச்சு. உனக்கு ஆள் இருக்குடா."

சகலை பெட்டியைக் கட்டினான். கூட வாங்கண்ணே என்று கூப்பிட்டான். ஏற்கெனவே மூணு பேரு நெருக்கியடிக்கிற இடத்துல என்னை எந்த ஆணியில மாட்டுவ என்று இவன் கேட்க, இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

வண்டி கிளம்பவில்லை. சகலை உதைத்து உதைத்துப் பார்த்தான். படியில் நின்ற மருந்துக்கடைக்காரன் அது கிளம்பாமலே போகட்டும் என்று நினைத்தான். சகலையின் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. காலையில் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கலாமே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

இறங்கிப் போய் வண்டியின் பின்னால் கை வைத்தான்.

"கியரப் போடு," என்றான். தெருமுனைவரை தள்ளிக்கொண்டே ஓடினான்.